ஐந்து சென்ட்



மூணாறுக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், போன மாதம் பார்த்த ஒரு துணிப்பை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதனால் இந்த மாதம் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அந்த அக்கா அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து வாசல் கயிற்றில் போட்டார். கறை பிடித்த விரல்களைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போனவர், திரும்பி வரும்போது ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் பழைய பையைக் கொண்டுவந்தார். பாயை விரித்து, அதிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ரேஷன் கார்டு, ஆதார், ஓட்டு கார்டு, பி.எஃப். தாள்கள், மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், மாமியாரின் பெயர் இருந்த பழைய எஸ்டேட் சீட்டு ஒன்று. பாயில் இடமே இல்லாமல் நிறைந்துவிட்டது.

"இவ்வளவு பேப்பர் இருக்கு தம்பி. கரம் கட்டுன ரசீது மட்டும் இல்ல. ஒரு சென்ட் மண்ணு கிடையாது, அப்புறம் எங்க கரம் கட்டுறது?"

அவருக்கு அடுத்த வருடம் சர்வீஸ் முடிகிறது. முடிந்த பிறகு வீட்டைக் காலி செய்து கொடுத்தால்தான் சர்வீஸ் காசு கைக்கு வரும் என்பது மலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. காலி செய்யாமல் இருக்க ஒரே ஒரு வழி, பிள்ளைகளில் ஒருவர் எஸ்டேட்டில் பெயர் கொடுப்பது. மகள் பி.காம். படித்திருக்கிறாள். வீட்டைக் காப்பாற்ற மகளைக் கொழுந்துக் காட்டுக்கு அனுப்புவதா, மகளைக் காப்பாற்ற வீட்டை விடுவதா? இந்தக் கேள்வியோடுதான் அவர் இரவில் படுக்கிறார். ஒரு முன்னறை, ஒரு அடுப்படி, முன்னால் ஒரு ஒட்டுத் திண்ணை. அவ்வளவுதான் அந்த வீடு. அதில் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்திருக்கிறது.

மலையிலிருந்து இறங்கி, அதே வாரத்தில் பாலக்காட்டுக் கிழக்கு எல்லைக்கும் போயிருந்தேன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற ரோட்டில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே வேலி போட்டுக் கிடக்கிற நிலங்களைப் பார்த்திருப்பீர்கள். உழவும் இல்லை, வீடும் இல்லை. கருவேலமும் பார்த்தீனியமும் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. டீக்கடையில் விசாரித்தபோது, "ஓனர் இங்க இல்லீங்க, வெளியூரு. வாங்கிப் போட்டிருக்காரு" என்றார்கள். எதிர் பெஞ்சில் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகும் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். கல்யாணமாகி நாலு வருடம், இது மூன்றாவது வாடகை வீடு. "அஞ்சு சென்ட் கிடைச்சா போதும்ணா, மிச்சத்த நான் பாத்துக்குவேன்" என்றான்.

மலையில் ஓர் அக்கா, சமவெளியில் ஒரு தம்பி. இருவரும் கேட்பது அதே ஐந்து சென்ட்தான். நிலம் இல்லாத நாடு என்றால் விதியே என்று விடலாம். கண் முன்னால் ஏக்கர் ஏக்கராக நிலம் சும்மா கிடக்கிறதே! அது ஏன் இவர்கள் கைக்கு எட்டவில்லை என்று யோசித்துக்கொண்டே ஊர் திரும்பினேன். வந்ததும் காகிதமும் பேனாவும் எடுத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். அதை உங்களோடும் சேர்ந்து போட்டுப் பார்க்கிறேன்.

கேரளத்தில் நிலத்துக்கு வில்லேஜ் ஆபீசில் கட்டுகிற கரம் 2025 பட்ஜெட்டில் ஐம்பது சதவீதம் கூடியது. கூடிய பிறகும் கிராமப் பஞ்சாயத்தில் 8.1 ஆர் வரையுள்ள நிலத்துக்கு ஆருக்கு வருடம் ஏழரை ரூபாய். அதற்கு மேல் இருந்தால் ஆருக்குப் பன்னிரண்டு ரூபாய். ஓர் ஆர் என்பது ஏறக்குறைய இரண்டரை சென்ட். அப்படியானால் ஐந்து சென்ட்டுக்கு வருடக் கரம் பதினைந்து ரூபாய் சொச்சம். ஓர் ஏக்கரை வேலி போட்டுப் பூட்டி வைத்திருப்பவர் வருடத்துக்குக் கட்டுவது ஐந்நூறு ரூபாய்க்கும் கீழே. அந்த நிலத்தின் விலை இரண்டு மடங்கானாலும் பத்து மடங்கானாலும் இந்தத் தொகை அசையாது. ஏனென்றால் கரம் விலையைப் பார்த்துப் போடப்படுவதில்லை, பரப்பைப் பார்த்துப் போடப்படுகிறது.

இனி அந்தக் கஞ்சிக்கோட்டுத் தம்பி நிலம் வாங்கப் போகிறான் என்று வையுங்கள். சென்ட் ஒரு லட்சம் என்றே கணக்கு வைத்தால் ஐந்து சென்ட் ஐந்து லட்சம். பத்திரம் பதிய முத்திரைத்தாளுக்கு எட்டு சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதம். சேர்த்தால் ஐம்பதாயிரம் ரூபாய் ஒரே நாளில் போகிறது. எழுத்துக்கூலி தனி. சும்மா வைத்திருக்கிறவரிடம் வருடத்துக்குப் பதினைந்து ரூபாய், குடியிருக்க வாங்குகிறவனிடம் எடுத்த எடுப்பில் ஐம்பதாயிரம். பிறகு அவன் வீடு கட்டினால் பஞ்சாயத்துக்குக் கட்டட வரி. அது வீட்டின் தரைப்பரப்பை அளந்து போடுகிற வரி. முன்பெல்லாம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாக உயர்த்துவார்கள். 2023 ஏப்ரல் முதல் வருடா வருடம் ஐந்து சதவீதம் கூடுகிறது.

நான் வரிக்கு எதிரானவன் இல்லை. பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வரவும், தெருவிளக்கு எரியவும், அங்கன்வாடிக்குக் கூரை போடவும் அந்தக் காசுதான் வேண்டும். என் வருத்தமெல்லாம் வரியின் பாரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில்தான். கட்டுகிறவன் தோளில் சுமை ஏறிக்கொண்டே போகிறது. கட்டாமல் பூட்டி வைக்கிறவன் தோளில் ஒரு தூசு கூட இல்லை. இப்படி இருந்தால் பணம் உள்ளவர்கள் நிலத்தை நகைபோலப் பெட்டியில் வைத்துப் பூட்டத்தான் செய்வார்கள். தங்கத்துக்காவது லாக்கர் வாடகை உண்டு.

இதைப் புதிதாக நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்கர் 1879-லேயே ஒரு பெரிய புத்தகம் எழுதி, வீட்டுக்கும் உழைப்புக்கும் வரி போடாதீர்கள், நிலத்தின் மதிப்புக்குப் போடுங்கள் என்று வாதாடினார். எஸ்டோனியா என்ற சின்ன நாட்டில் 1993 முதல் நிலத்துக்கு மட்டும்தான் வரி, மேலே நிற்கிற கட்டடத்துக்கு இல்லை. அவ்வளவு தூரம் போக வேண்டாம். வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூர் மாநகராட்சி எல்லைக்குள் காலடி வைத்தால் காலிமனைக்குத் தனி வரி உண்டு. மனை காலியாகக் கிடந்தாலும் கட்டித்தான் ஆக வேண்டும்.

கோயம்புத்தூரைச் சொன்னதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2011-ல் அந்த மாநகராட்சி நூற்றைந்து சதுர கிலோமீட்டரிலிருந்து இருநூற்றைம்பதுக்கு மேல் விரிந்தது. எழுபத்திரண்டு வார்டுகள் நூறாயின. ஊர் மேற்கே மதுக்கரை, எட்டிமடை என்று நம் பக்கமாகவே வளர்ந்துகொண்டு வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வாளையாறு செக்போஸ்ட்டில் நாள் கணக்கில் நின்ற லாரி வரிசை கரைந்தது. நாலு வழிச் சாலையும் வந்தபின், எல்லை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது நிலம் வாங்குகிறவருக்கு ஒரு பொருட்டே இல்லாமல் போயிற்று. இந்தப் பக்கம் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை, 2015-ல் வந்த ஐ.ஐ.டி., இப்போது புதுச்சேரிப் பஞ்சாயத்தைச் சுற்றி வரப்போகும் தொழில் நகரம். 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை பாலக்காட்டுக்கு ஒப்புதல் கொடுத்த அந்தத் திட்டம் 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய். வேலை வரும் என்று மகிழ்கிறேன், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அறிவிப்பு வந்த மறுநாளே சுற்றுவட்டாரத்தில் நிலத்துக்கு விலை சொல்லும் குரல் மாறிவிடுகிறது. அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்யப் போகிறவர்கள் எங்கே குடியிருப்பார்கள் என்பதற்கு யாரும் விலை சொல்வதில்லை.

இதே கிழக்கு எல்லையிலுள்ள சித்தூர்த் தாலுகாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. வில்லேஜ் ரெக்கார்டில் 'நிலம்' என்று இருந்தால் அது வயல். 'புரையிடம்' என்று இருந்தால்தான் வீடு கட்டலாம். 2008-ல் வந்த நெல்வயல், நீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம் வயலைக் காக்க வந்தது. பாலக்காட்டின் நெல் இல்லாமல் கேரளத்துக்குச் சோறு ஏது? அந்தச் சட்டத்தை நான் இருகை கூப்பி வரவேற்கிறேன். ஆனால் மழைநிழலில் கிடக்கிற நம் கிழக்குப் பகுதியில், நெல்லைப் பார்த்துப் பல வருடமான துண்டு நிலங்கள் காகிதத்தில் இன்னும் 'நிலமா'கவே இருக்கின்றன. பணமும் ஆள்பலமும் உள்ளவர் அதை மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறார். மூன்று சென்ட், நாலு சென்ட் வைத்திருக்கிற குடும்பம், தன் நிலம் டேட்டா பேங்க் என்கிற வயல் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவே நாலு முறை பஸ் ஏறுகிறது. விண்ணப்பம் மலையாளத்தில். கேட்டு எழுதித் தருகிறவருக்குக் காசு. ஒரு நாள் கூலி போனால் அந்த நாள் அடுப்பு எரியாது என்பதை ஆபீஸ் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மலைக்குத் திரும்புவோம். அங்கே கதை இன்னும் பழையது, வலியும் அதிகம்.

1877-ல் பூஞ்ஞார் அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். அதற்குப் பிறகு திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். காட்டை வெட்டியவர்களும் தேயிலை நட்டவர்களும் அவர்கள்தான். அவர்களுக்குக் குடியிருக்க லயம் கட்டப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1951-ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம், வேலை செய்கிறவருக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று எழுதி வைத்தது. நல்ல சட்டம். ஆனால் அது வேலைக்கு வீடு தந்தது, ஆளுக்கு வீடு தரவில்லை.

1970 ஜனவரி முதல் நாள் கேரளத்தில் நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் குத்தகை முறை ஒழிந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்களுக்குப் பஞ்சாயத்தில் பத்து சென்ட் வரை சொந்தமாயிற்று. தென்னிந்தியாவில் வேறெங்கும் நடக்காத பெரிய காரியம் அது. பாலக்காட்டுக் களங்களில் தலைமுறை தலைமுறையாக அடிமைபோலக் கிடந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அன்று தலை நிமிர்ந்தன. ஆனால் அதே சட்டம் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்குக் கொடுத்தது. தோட்டம் துண்டுபடக் கூடாது, தொழில் நசியக் கூடாது என்பது காரணம். அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கலாம். விளைவு என்னவென்றால், வயலோரக் குடிசைக்குப் பத்து சென்ட் வந்தது, லயத்துக்கு வரவில்லை. ஒரே வருடம், ஒரே மாநிலம். உழைத்த இடம் வயலா தேயிலையா என்பதை வைத்துப் பேரப்பிள்ளைகளின் வாழ்க்கை பிரிந்துவிட்டது.

அடுத்த வருடமே, 1971-ல், கண்ணன் தேவன் மலை நிலங்களைத் திரும்ப எடுக்கும் சட்டம் வந்தது. ஐம்பத்தேழாயிரம் ஏக்கருக்கு மேல் தேயிலைக் கம்பெனி வசம் விடப்பட்டு, எழுபதாயிரம் ஏக்கருக்கு மேல் அரசிடம் வந்தது. அதில் ஒரு பெரிய பகுதி இன்று இரவிகுளம் தேசியப் பூங்கா. வரையாடுகளுக்கு அந்த மலை கிடைத்ததில் எனக்கு முழுச் சந்தோஷம். ஆனால் எழுபதாயிரம் ஏக்கரில், அந்த மலையை உருவாக்கியவர்களுக்குத் தலைக்கு ஐந்து சென்ட் ஒதுக்கியிருந்தால் அது எத்தனை சின்னத் துண்டாக இருந்திருக்கும்! ஆயிரம் குடும்பத்துக்கு ஐம்பது ஏக்கர். பத்தாயிரம் குடும்பம் என்றாலும் ஐந்நூறு ஏக்கர்தான்.

2018-ல், தோட்டத் தொழிலின் நெருக்கடியை ஆராய்ந்த நீதிபதி கிருஷ்ணன் நாயர் கமிஷனின் அறிக்கையை ஒட்டி, அரசு சில முடிவுகள் எடுத்தது. தோட்ட வரி நீக்கப்பட்டது. லயங்களுக்குக் கட்டட வரி விலக்கு என்றும் சொல்லப்பட்டது. தொழிலாளர்களுக்கு லைஃப் என்ற அரசு வீட்டுத் திட்டத்தில் வீடு என்பதும் அந்த முடிவுகளில் ஒன்று. வரி விலக்குகள் நிர்வாகங்களுக்கு உடனே பயன்பட்டன. வீடு மட்டும் நடந்து வந்துகொண்டே இருக்கிறது. கரம் கட்டிய ரசீதைப் பற்றி அந்த அக்கா சொன்ன வார்த்தையை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். வரி இல்லாத வீடு என்றால் அவர் கண்ணில் அது யாருடையதும் இல்லாத வீடு. அவருக்கு விலக்கு வேண்டாம். தன் பேரில் ரசீது வாங்கிக் கரம் கட்டுகிற உரிமைதான் வேண்டும்.

வெளியூர் நண்பர்கள் பலருக்கு இது புரிவதில்லை. வரி கட்ட ஆசைப்படுவார்களா என்று கேட்கிறார்கள். நம் பக்கத்தில் கரம் கட்டிய ரசீது என்பது ஊரில் வேர் இருப்பதற்கான சாட்சி. லோன் கேட்டால் அதைக் கேட்பார்கள். ஜாமீனுக்கு ஆள் நின்றால் அதைக் கேட்பார்கள். சாதிச் சான்றுக்குப் போனால் 1950-க்கு முன்னால் இங்கே இருந்ததற்கு என்ன ஆதாரம் என்பார்கள். நூறு வருடமாக இந்த மலையிலேயே பிறந்து இறந்த குடும்பத்திடம், மண்ணின் பேரில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால், நீ இந்த ஊரா என்று கேட்கிறார்கள். எஸ்டேட்டின் பழைய ரிஜிஸ்டரில் எங்கோ ஒரு தாத்தாவின் பெயர் இருக்கும். அதைத் தேடிப் போவதற்குள் பிள்ளையின் கல்லூரி அட்மிஷன் முடிந்துவிடும்.

சரி, எஸ்டேட்டை விட்டு வெளியே வந்து நிலம் வாங்கலாமே என்பார்கள். 2015 செப்டம்பரில் பெண்கள் ஒற்றுமையாக மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்களே, அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் தினக்கூலி 232-லிருந்து 301 ஆனது. அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருக்கிறது. அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து மூணாறிலோ சின்னக்கானலிலோ மண் வாங்க முடியுமா? அங்கே நிலத்தின் விலையை நிர்ணயிப்பது குடியிருப்பவர் வருமானம் இல்லை, மஞ்சு பார்க்க வருபவர் தரும் ஒரு இரவு வாடகை. 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் நகர்ப்புற மக்கள் தொகை இருபத்தாறிலிருந்து நாற்பத்தெட்டு சதவீதமாகத் தாவியபோது, இடுக்கி ஐந்து சதவீதத்தைக் கூடத் தொடவில்லை. மாவட்டத்தின் மக்கள் தொகையே அந்தப் பத்து வருடத்தில் பதினோரு லட்சத்து இருபத்தொன்பதாயிரத்திலிருந்து பதினோரு லட்சத்து எட்டாயிரத்துக்கு இறங்கியது. ஆள் குறைகிற ஊரில் நிலம் மலிய வேண்டும். இங்கே மலியவில்லை. ரிசார்ட்டும் ஹோம்ஸ்டேயும் வளைவுக்கு வளைவு முளைத்து, நகரமே இல்லாத ஒரு நகர விலையை மலைக்குக் கொண்டுவந்துவிட்டன.

பட்டயப் பிரச்சினையை இடுக்கிக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டயம் கொடுத்தது விவசாயத்துக்கும் குடியிருக்கவும் என்பது பழைய விதி. அதை மீறிப் பெரிய கட்டடங்கள் எழுந்தன. நீதிமன்றம் தலையிட்டது, மூணாறைச் சுற்றிய வில்லேஜ்களில் கட்டுமானத்துக்கு ரெவென்யூத் துறையின் தடையில்லாச் சான்று கட்டாயமாயிற்று. 2019 ஆகஸ்டில் மேலும் இறுக்கினார்கள். 2023-ல் நில ஒப்படைச் சட்டத் திருத்தம் நிறைவேறி, 2024 ஏப்ரலில் ஆளுநர் கையெழுத்துப் போட்டார். மலையைக் காக்கத் தடை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெட்டிமுடியில் லயங்கள் மண்ணில் புதைந்ததைப் பார்த்தவன் வேறு எப்படிப் பேசுவான்? என் மனக்குறை, அஞ்சு மாடி கட்டியவரும் அஞ்சு சென்ட்டில் இரண்டு அறை கட்டப் போகிறவரும் ஒரே வரிசையில், ஒரே சான்றுக்கு நிற்கிறார்கள் என்பதுதான். அந்த வரிசையில் முதலில் கால் வலித்து வெளியே போகிறவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால்தான் சர்வீஸ் முடிந்தவர்கள் போடிமெட்டு இறங்குகிறார்கள். போடி, தேனி, கம்பம் பக்கம் ஒரு மனை. அதுவும் இப்போது எளிதில்லை. 2023 ஜூனில் போடிக்குச் சென்னை ரயில் வந்தது. 2024 ஜனவரியில் மூணாறு – போடிமெட்டு அகலச் சாலை திறந்தது. இரண்டும் நமக்கு வரமாக வந்தவை, அவற்றோடு மனை விலையும் வந்தது. இறங்கியவர் அங்கே புது ஆள். ரேஷன் கார்டு இங்கே, வீடு அங்கே. ஒன்றை விட்டால்தான் இன்னொன்று. அறுபது வயதில் அகதியைப் போலப் புதிதாக ஒரு ஊரில் தொடங்க வேண்டும்.

கேரள அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன், அது பொய். 1972-ல் எம்.என். கோவிந்தன் நாயர் தொடங்கிய லட்சம் வீடு திட்டத்தின் இரட்டை வீடுகள் இன்றும் நம் ஊர்களில் நிற்கின்றன. 2016-ல் வந்த லைஃப் திட்டம் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குக் கூரை போட்டிருக்கிறது. 2023-ல் அறுபது சதுர மீட்டர் வரையுள்ள சொந்த வீட்டுக்குக் கட்டட வரியே வேண்டாம் என்றார்கள். ஏழைக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் லைஃபில் ஒரு வீட்டுக்குக் கிடைப்பது நான்கு லட்சம். நானூறு சதுர அடிக்கு இன்று எட்டு லட்சத்துக்குக் குறைந்து எந்த மேஸ்திரியும் ஒப்புக்கொள்ள மாட்டார். மலைமேல் வட்டவடைக்குச் சிமெண்டும் கம்பியும் ஏற்றிப் போகிற வண்டிக்கூலி வேறு. நிலமே இல்லாதவர்களுக்கோ, 2021 இறுதியில் 'மனசோடித்திரி மண்ணு' என்று அரசே நிலம் உள்ளவர்களிடம் கைநீட்டியது. கொடுத்தவர்கள் உண்டு, அவர்கள் வாழ்க. ஆனால் ஒரு மாநிலத்தின் வீட்டுத் திட்டம் நல்ல மனிதர்களின் தானத்தை நம்பி எவ்வளவு தூரம் போகும்?

காசுக்கு வழி இல்லாமல் இல்லை. 2023 பட்ஜெட்டில் நிதியமைச்சர் பாலகோபால், ஒருவர் பேரில் உள்ள கூடுதல் வீடுகளுக்கும் புதிதாகக் கட்டிப் பூட்டிப் போட்ட வீடுகளுக்கும் தனி வரி என்று அறிவித்தார். 2011 கணக்குப்படி கேரளத்தில் ஆளில்லாமல் கிடந்த வீடுகள் பதினோரு லட்சத்துக்கு மேல். வளைகுடாவில் வியர்வை சிந்திக் கட்டிய வீட்டுக்கு வரியா என்று எதிர்ப்பு எழுந்தது. அந்த வருத்தமும் நியாயமானதே. அரசு பின்வாங்கிவிட்டது. கனடாவின் வான்கூவர் நகரம் 2017-ல் இதே வரியை ஒரு சதவீதத்தில் தொடங்கியது, இப்போது மூன்று சதவீதம். வசூலாகும் பணம் எளியோர் வீட்டுக்குப் போகிறது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும். ஊர் திரும்பி வாழப் போகிற பிரவாசியின் ஒரே வீட்டை விட்டுவிடுங்கள். உழுகிற நிலத்தையும், தென்னையும் மாவும் நிற்கிற தோப்பையும், வயலையும் தொடவே வேண்டாம். ஒரு சித்தூர் விவசாயிக்கும் ஒரு பைசா கூடக் கூடாது. மூன்றாவது, நான்காவது வீடாகப் பூட்டிக் கிடப்பதற்கும், பயிரும் இல்லாமல் வீடும் இல்லாமல் விலை ஏறக் காத்துக் கிடக்கிற மனைக்கும் மட்டும் அதன் விலைக்கு ஏற்ப வரி போடுங்கள். அந்தக் காசு அந்தந்தப் பஞ்சாயத்திலேயே, நிலமில்லாதவருக்கு ஐந்து சென்ட் வாங்க மட்டுமே செலவாகட்டும். சர்வீஸ் முடிகிற தொழிலாளி வாங்கும் முதல் ஐந்து சென்ட்டுக்குப் பத்திரச் செலவைத் தள்ளுபடி செய்யட்டும். இதைக் கேட்பதில் நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை.

தோட்ட நிலத்தை எடுக்க முடியாது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் நான்கு லயங்களை மண் மூடியது. எழுபது பேர் போனார்கள். அதற்குப் பிறகு பிழைத்தவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியார் பள்ளத்தாக்கில் நிலமும் வீடும் கிடைத்தன. 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் போயின. அதற்குப் பிறகு கல்பற்றாவில் எல்ஸ்டன் எஸ்டேட்டின் 64 ஹெக்டேரை அரசு எடுத்து, 2025 மார்ச்சில் புது ஊருக்குக் கல் நாட்டியது. ஏழு சென்ட், ஆயிரம் சதுர அடி. முடியும் என்பதை அந்த வீடுகள் காட்டுகின்றன. மண் சரிந்து பிள்ளைகளை வாரிக்கொடுத்த பிறகுதான் மண் கிடைக்கும் என்றால் அதை என்னால் தாங்க முடியவில்லை. லயத்தில் மழை இரவில் விழித்துக் கிடக்கிறவர்களுக்கு, உயிரோடு இருக்கும்போதே அது கிடைக்க வேண்டும்.

அடுத்த கிராம சபைக்கு உங்கள் வார்டில் தேதி வைத்ததும் தவறாமல் போங்கள். லைஃப் பட்டியல் அங்கேதான் படிக்கப்படுகிறது. உங்கள் பெயர் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டு அக்காவின் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். விண்ணப்பத்தைத் தமிழில் தரச் சொல்லிக் கேளுங்கள், மொழிச் சிறுபான்மைப் பகுதியில் அது நம் உரிமை. உங்கள் பஞ்சாயத்தில் எத்தனை ஏக்கர் சும்மா கிடக்கிறது, எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்று உங்களால் முடிந்த அளவு எண்ணி எங்களுக்கு எழுதுங்கள். யார் பெயரும் வேண்டாம், எண்ணிக்கை போதும். வருகிற இதழ்களில் வார்டு வார்டாக வெளியிடுவோம்.

அன்று கிளம்பும்போது அந்த அக்கா காகிதங்களை மறுபடி பையில் அடுக்கினார். மகளின் சான்றிதழை மட்டும் தனியாக எடுத்து, ஈரம் படாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூரையின் ஓட்டை இருந்த இடத்தில் ஒரு குண்டானைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "டீ குடிச்சிட்டுப் போங்க தம்பி, மழை விடட்டும்" என்றார்.

அன்புடன்,
ஆசிரியர்